இரண்டு தடவை துடைத்த இடம்

காலேஜ் நாட்கள் என்று ஆரம்பித்தாலே எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடுகிறது. கேன்டீன், பஸ், கடைசி நாளில் சட்டையில் கையெழுத்து வாங்கியது என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். எனக்கு அந்த மூன்று வருஷத்தை நினைத்தால் குமட்டுகிறது. அவனை நினைத்துக் கொஞ்சம். என்னை நினைத்து நிறைய.

எங்கள் ஊர் தொட்டியம். அப்பா வாழை போடுகிறவர். பூவன்தான் அதிகம், இலைக்கும் ஆகும், காய்க்கும் ஆகும். வாழைக்கறை துணியில் பட்டால் போகாது. எந்த சோப்பு போட்டாலும் போகாது. அப்பாவிடம் கறை படாத சட்டை என்று ஒன்றோ இரண்டோதான் இருந்தது. அவற்றைக் கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுத்துப் போடுவார். மற்ற நாளெல்லாம் நெஞ்சிலும் தோளிலும் காப்பித்தூள் நிறத்தில் திட்டுத்திட்டாக இருக்கும்.

நான் திருச்சி புத்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். முதல் வருஷம் அப்பா மாதம் ஒரு தடவை ஒரு சீப்புப் பழத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார். நான் ஓடிப்போய் கேட்டில் நிற்பேன். இரண்டாம் வருஷம் பாதியில் அப்பாவிடம், இனிமேல் கேட்டுக்கு வராதீங்க, பஸ் ஸ்டாப்பிலேயே நில்லுங்க, வார்டன் திட்டுகிறார் என்று சொன்னேன். வார்டன் ஒரு நாளும் திட்டியதில்லை. அந்த அம்மாவுக்கு அப்பா கொண்டுவரும் பழத்தில் பாதி போய்க்கொண்டிருந்தது.

காரணம் அவன். என்னோடு படித்தவன். ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகளில் ஒன்றில் அவன் வீடு. சாயங்காலம் பைக்கில் என்னை ஹாஸ்டல் தெருமுனையில் இறக்கிவிடுவான். ஒரு நாள் அப்பா எனக்குச் சாக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பதைப் பார்த்துவிட்டு, "யார் அவரு?" என்று கேட்டான்.

"ஊர்க்காரரு" என்றேன்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் சொல்லச் சொல்லி நான் சொல்லவில்லை. அவன் அப்போது எதையும் மறைக்கச் சொல்லியிருக்கவில்லை. நானாகவே சொன்னேன். அதனால் இனிமேல் அவனைப் பற்றி நான் திட்டப்போவதை எல்லாம் படிக்கும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனை ஏன் பிடித்தது என்றும் சொல்லிவிட வேண்டும். நான் பேசும்போது அவன் கேட்பான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் கேட்க மாட்டார்கள். நாம் முடிப்பதற்குள் அவர்கள் ஆரம்பித்துவிடுவார்கள். இவன் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நான் யோசித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பத்தொன்பது வயதில் அது போதுமாக இருந்தது. நான் யார், அப்பா என்ன செய்கிறார், வீட்டில் என்ன சாப்பிடுவோம் எல்லாம் பிறகு அவனிடம் சொல்லிவிட்டேன், அந்த ஊர்க்காரர் என்ற ஒன்றைத் தவிர. அவன் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கல்யாணம் என்று பேச்சு வந்தபோதுதான் திட்டம் போட்டான்.

திட்டம் இதுதான். என்னை முதலில் அவன் அம்மாவிடம் கிளாஸ்மேட் என்று கூட்டிக்கொண்டு போவது. எந்த ஜாதி என்று யாரும் சொல்ல வேண்டாம். பார்த்தாலே அவர்களில் ஒருத்தி என்று அம்மா நினைத்துக்கொள்ளும்படி நான் நடந்துகொண்டால் போதும். அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட வேண்டும். பிடித்தபின் உண்மையைச் சொல்லலாம். அதற்குள் மனசு ஒட்டிப்போயிருக்கும், பிரிக்க முடியாது. இது மொத்தமும் அவன் யோசனை. நல்ல யோசனை என்று சொன்னது நான்.

பாடம் ஆரம்பித்தது. வாய்ஸ் மெசேஜில் அனுப்புவான். ரசம் என்று சொல்லாதே, சாத்தமுது. பொரியல் இல்லை, கறமுது. பாயசம் இல்லை, திருக்கண்ணமுது. சாமி கும்பிட்டேன் என்று சொல்லக் கூடாது, சேவித்தேன். சமைப்பது தளிகை. வெளியில் என்னிடம் திருச்சிப் பிள்ளை மாதிரிப் பேசுகிறவன், அந்த மெசேஜ்களில் வேறு ஆளாகப் பேசினான். நான் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். உதடு அசையச் சொல்லிப் பார்த்தேன். கறி, மீன், முட்டை மூன்றையும் நிறுத்தினேன். எப்படியும் நிறுத்தத்தானே வேண்டும், இப்போதே பழகு என்றான்.

எனக்கு ஒரு தோழி இருந்தாள். இருக்கிறாள். டவுனுக்குள் பழைய தெரு ஒன்றில் அவள் வீடு. அவள் அத்தா வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் அவளும் அம்மாவும். பெருநாளுக்கு வருஷா வருஷம் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அந்த வருஷமும் போனேன். பிரியாணி சட்டியைத் திறந்ததும் நான் துப்பட்டாவை எடுத்து மூக்கை மூடிக்கொண்டேன். நாற்றம் ஒன்றும் இல்லை. எனக்குப் பிடித்த வாசனைதான். சைவம் ஆகிவிட்டவள் அப்படித்தான் செய்வாள் என்று நானே நினைத்துக்கொண்டு செய்தேன்.

தோழி சிரித்தாள். "போன வருசம் எலும்பக்கூட விட்டு வைக்கல. இந்த வருசம் மூக்கப் பொத்துறா. அவன் ஒன்ன கட்டிக்கப் போறானா, கழுவி வைக்கப் போறானாடி?"

அவள் அம்மா உள்ளே போனார்கள். எனக்கு இரண்டு வாழைப்பழமும் தம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதல் தடவை ஸ்ரீரங்கம் போனது மூன்றாம் வருஷ ஆரம்பத்தில். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, பாலம் தாண்டி, ராஜகோபுரத்தில் இறங்கி நடந்தேன். என்ன கலர் சுடிதார், என்ன பொட்டு, தலையில் மல்லிகை மட்டும், கனகாம்பரம் வேண்டாம், எல்லாம் அவன் சொன்னபடி. வீட்டில் அவன் அம்மா, அப்பா, அவன். அம்மா நல்ல களையான முகம். வாம்மா, உக்காந்துக்கோ என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். தரையில் மூன்று இலை போட்டார்கள், அவனுக்கு, அவன் அப்பாவுக்கு, எனக்கு. அம்மா பரிமாறினார்கள்.

இலையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பூவன் இலை, எங்கள் பக்கத்து இலை. காற்றுக்குக் கிழியாமல் மறைவில் வளர்ந்தது. சொல்ல முடியாது, அதனால் பேசாமல் உட்கார்ந்தேன்.

சாத்தமுது நன்றாக இருக்கிறது மாமி என்றேன். கோயிலில் சேவித்துவிட்டு வந்தேன் என்றேன். தண்ணீர்த் தம்ளரை உதட்டில் படாமல் தூக்கிக் குடித்தேன். எல்லாம் சரியாக வந்தது. அவன் கண்ணால் சிரித்தான். எனக்கும் ஒரே பெருமை. பரீட்சையில் எல்லாக் கேள்வியும் தெரிந்தது போல இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் இலையை மடித்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. எங்கள் பக்கம் சாப்பிட்டு எழும்போது இலையின் மேல் பாதியை நம் பக்கமாக மடித்துவிட வேண்டும். நம் பக்கம் மடித்தால் உறவு நிலைக்கும், சாப்பாடு நிறைவு என்று அர்த்தம். விரித்தபடி விட்டு எழுந்தால் போட்டவர்களை அவமானப்படுத்துவதாக எடுத்துக்கொள்வார்கள். குழந்தைக்குக் கை கழுவக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். நூறு வார்த்தை சொல்லிக்கொடுத்தவனுக்கு இதைச் சொல்லத் தோன்றவில்லை, ஏனென்றால் அவன் வீட்டில் இலையை மடிக்கவே மாட்டார்கள். எழுந்து போய்விடுவார்கள். மடிப்பது என்று ஒன்று இருப்பதே அவன் யோசனையில் வரவில்லை.

அவன் அம்மா கையில் மோர்ப் பாத்திரத்தோடு நின்றார்கள். மடித்த என் இலையைப் பார்த்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள்.

"அவா திருநெல்வேலிப் பக்கம்மா. அங்க அப்படி ஒரு வழக்கம்" என்றான் அவன்.

அம்மா சரி என்று தலையை ஆட்டினார்கள். நான் கை கழுவிவிட்டுத் திரும்பி வரும்போது இலைகளை எடுத்துவிட்டு இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதை எச்சில் இடுவது என்பார்கள்; யார் சாப்பிட்டாலும் செய்வார்கள், தப்பாக நினைக்காதே என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். மூன்று இடத்தையும் ஈரத் துணியால் துடைத்தார்கள். உள்ளே போனார்கள். துணியை அலசிப் பிழியும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தார்கள். நான் உட்கார்ந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை துடைத்தார்கள். நான் கூடத்துத் தூண் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே வந்து கோபுரம் வரை அவன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தான். பஸ் வரும்போதுதான் வாயைத் திறந்தான். "ஒரு எலைய சும்மா விட்டுட்டு எந்திரிக்கத் தெரியாதா ஒனக்கு? எல்லாத்தையும் கெடுத்துட்ட."

நான் என்ன செய்தேன் தெரியுமா. சாரி என்றேன்.

அங்கேயே அவனை விட்டிருந்தால் இதை எழுத ஒன்றும் இருந்திருக்காது. இன்னும் ஐந்து மாதம் அவனோடு இருந்தேன். அவன் அம்மா திருநெல்வேலிக் கதையை நம்பிவிட்டதாக அவன் சொன்னான். அடுத்த தடவை தப்பு நடக்கக் கூடாது என்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். ஸ்ரீரங்கத்தில் இலை போட்டுச் சாப்பாடு போடும் மெஸ் ஒன்று உண்டு. வாரம் ஒரு மத்தியானம் அங்கே கூட்டிக்கொண்டு போவான். எதிரில் உட்கார்வான். நான் சாப்பிட்டு முடித்ததும் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். கை இலையின் மேல் ஓரத்துக்குப் போனால், "கை" என்பான். அவ்வளவுதான் சொல்வான். கை. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். இலையை விரித்தபடி விட்டு எழுவோம். பரிமாறுகிறவர் அதைப் பார்ப்பார். அவருக்கு அது ஒன்றும் இல்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டில் துப்பிவிட்டு எழுந்தது மாதிரி இருந்தது. ஏழெட்டு வாரத்தில் அந்த உணர்ச்சியும் போய்விட்டது. பழகிவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த மெஸ்ஸின் எண்ணெய் வாசனை தொண்டைக்கு வருகிறது.

நடுவில் ஊரில் அத்தை வீட்டில் காதுகுத்து. கிடா வெட்டி விருந்து. நான் சைவ இலையில் உட்கார்ந்ததற்கே நாலு பேர் கேட்டார்கள். படிப்பு முடியும்வரை விரதம் என்று ஒரு பொய் சொன்னேன். அப்பா என் பக்கத்தில், கறை இல்லாத அந்தச் சட்டையோடு. சாப்பிட்டு முடித்தேன். கை தானாக மடிக்குப் போனது. இலை விரித்தபடி கிடந்தது.

பாயச வாளியோடு வந்த அத்தை நின்றுவிட்டாள். "என்னடி, எலையத் தொறந்து போட்டுட்டு ஒக்காந்திருக்க. அத்த வீட்டுச் சோறு படிச்ச புள்ளைக்கிப் பத்தலையா?"

பந்தியில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை. அப்பா தன் இலையை மடித்தார். பிறகு இடது கையை நீட்டி என் இலையையும் மடித்தார். என் பக்கமாக, மெதுவாக, ஓரத்தை விரலால் தடவி. வண்டியில் வீட்டுக்கு வரும்போது, காலேஜில் ஏதாவது பிரச்சினையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

மறுநாள் காலையில் அம்மாவோடு தோட்டத்தில் இருந்தேன். எங்கள் தோட்டத்தில் இலை அறுக்க ஒருவர் வருவார். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து வருகிறார். அவருக்கு அப்பா வயது. நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அவர் என்னைப் பாப்பா என்பார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அம்மாவிடம், கூடப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு நடந்தது என்று சொல்லி ஸ்ரீரங்கத்துக் கதையைச் சொன்னேன். இடத்தை இரண்டு தடவை துடைத்ததைச் சொன்னேன்.

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்தப் பொண்ணு மனுசி இல்லையா? ஒக்காந்த எடத்த ரெண்டு தடவ தொடைக்க, அவ என்ன சாணிய மிதிச்சுட்டா போனா? இதெல்லாம் ஒரு படிச்ச வீடா? அவளப் பெத்தவ கேட்டா வயிறு எரியாது?"

சொல்லிக்கொண்டே அம்மா டீ ஊற்றினாள். இலை அறுக்கிறவர் மோட்டார் ரூம் கூரை ஓட்டிடுக்கில் செருகியிருந்த ஒரு பழைய எவர்சில்வர் தம்ளரை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார். அம்மா தூக்குவாளியை ஒரு முழ உயரத்தில் பிடித்து ஊற்றினாள். தூக்குவாளி தம்ளரில் பட்டுவிடக் கூடாது. டீ அவர் விரலில் தெறித்தது. அவர் கையை அசைக்கவில்லை. குடித்துவிட்டு வாய்க்காலில் கழுவி, மறுபடி ஓட்டிடுக்கில் செருகினார். நாங்கள் குடித்த தம்ளர்கள் கூடையில் இருந்தன.

அம்மா இன்னும் அந்தப் பெண்ணுக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "ஆமா, அது கூடப் படிக்கிற பொண்ணுக்குத்தான நடந்துச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷமாகப் பார்த்த கைதான். அந்தத் தம்ளரும் இருபது வருஷமாக அதே இடுக்கில்தான் இருந்தது. சின்ன வயதில் நானே எத்தனையோ தடவை அதே உயரத்திலிருந்து ஊற்றியிருக்கிறேன். சிந்தாமல் ஊற்றுகிறேன் என்று அம்மா பாராட்டியிருக்கிறாள்.

எனக்கு அன்று இரண்டு வீட்டின் மேலும் அருவருப்பு வந்தது. ஆனாலும் திருச்சிக்குத் திரும்பிப் போய் அவன் சொன்னதைத்தான் செய்தேன்.

அவனுடைய பிறந்தநாள் வந்தது. அவர்கள் திருநட்சத்திரம் என்பார்கள், நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடுவார்கள். என்னைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லி அவன் அம்மாவே சொன்னதாக ஓடி வந்து சொன்னான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தச் சாப்பாடு நல்லபடியாக முடிந்தால் அந்த வாரமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான், பரீட்சை முடிந்ததும் கல்யாணப் பேச்சு. ஒன்றே ஒன்று. அம்மா என் அப்பாவைப் பற்றிக் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். நான் பேசாமல் இருந்தால் போதும். சரி என்றேன். ஏற்கெனவே ஊர்க்காரர் ஆக்கிய அப்பாதானே.

மறுபடி அதே கூடம், அதே மூன்று இலை. எங்கள் பக்கத்து இலை. அவன் எனக்கு எதிர் வரிசையில். அம்மா திருக்கண்ணமுது விட்டுக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாக, தோப்பனார் என்ன பண்றார் என்று என்னிடம் கேட்டார்கள்.

"பேங்க்ல மேனேஜர்மா" என்றான் அவன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

எனக்கு இலையில் இருந்த எல்லாம் ஒன்றாகக் குழம்பித் தெரிந்தது. சாப்பிட்டு முடித்தேன். கை மடியில்தான் இருந்தது. அப்போது அவன் தலையைத் தூக்காமல், தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கை" என்றான்.

நான் கையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. அப்படியும் சொன்னான். எடுத்து மடித்துவிடுவேனோ என்ற பயத்தில் சொன்னான்.

நான் கையை எடுத்தேன். இலையின் மேல் ஓரத்தைப் பிடித்து என் பக்கமாக மடித்தேன். அப்பா தடவிய மாதிரியே ஓரத்தைத் தடவினேன்.

"எங்கப்பா பேங்க்ல இல்லைங்க. தொட்டியத்துல வாழை போடுறாரு. இது எங்க பக்கத்து எலை. எங்க பக்கம் சாப்புட்டா மடிப்போம்" என்றேன். அத்தனை மாதம் காதில் மாட்டிக்கொண்டு படித்ததில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

அவன் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். கோபமே இல்லை.

"தெரியும்மா. அன்னிக்கே தெரிஞ்சுடுத்து."

"தெரிஞ்சும் ஏங்க கூப்பிட்டீங்க?"

"இவன் எவ்வளவு தூரம் பொய் சொல்வான்னு பாக்கலாம்னுதான். பெத்தவாகிட்டயே." பிறகு என் இலையைப் பார்த்துவிட்டு, "அத நீயே எடுத்துடு" என்றார்கள்.

அவ்வளவுதான் நான் அந்த வீட்டில். பிள்ளைக்கு வைத்த பரீட்சையில் ஒரு கேள்வித்தாள். அவன் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை. மிச்சத் தயிர்சாதத்தை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விரலை நக்கும் சத்தம் கேட்டது. அவனைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது அந்தச் சத்தம்தான். நான் பேசும்போது என் முகத்தைப் பார்த்துக் கேட்டவன் என்பது வரமாட்டேன் என்கிறது.

இலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாநகராட்சி கொடுத்த பச்சை டப்பா இருந்தது. மக்கும் குப்பை என்று எழுதியிருந்தது. அதில் போட்டேன். குழாயைத் திறந்து கை கழுவக்கூடப் பிடிக்கவில்லை. சோற்றுக் கையோடு தெருவில் நடந்து, கோபுரத்துக்கு வெளியே ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கழுவினேன். அவன் பின்னால் வரவில்லை. பஸ் வரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சத்திரத்தில் இறங்கி நேராகத் தோழி வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் பாதி கேட்கும்போதே எழுந்து போய் ஒரு தட்டில் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"கைன்னா சொன்னான்? எங்க வீட்டுப் பூனையக்கூட நாங்க பேர் சொல்லித்தான்டி கூப்புடுறோம்" என்றாள்.

நான் அவளிடம் பெருநாள் அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட என்னத்துக்குக் கேக்குற? நீ மூக்கப் பொத்துனத எங்கம்மா பாத்தாங்க. நீ போனப்பறம் அன்னிக்கு அவங்களும் சாப்புடல. போ, உள்ள இருக்காங்க, அவங்ககிட்ட கேளு."

போய்க் கேட்டேன். அந்த அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பரவால்ல, போய் சாப்புடு, ஆறிடும் என்றார்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை. பரவாயில்லை என்று சொன்னதால் மட்டும் நடந்தது இல்லை என்று ஆகிவிடாது, எனக்குத் தெரியும். சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அவன் அன்று ராத்திரி நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினான். இன்னும் ஒரே ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் எல்லாம் நடந்திருக்கும் என்று. நம்பரை பிளாக் செய்தேன். அவனை விட்டதில் எனக்குக் கஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். இரண்டு மாதம் கஷ்டமாக இருந்தது. பிறகு இல்லை.

மனசை விட்டுப் போகாமல் நிற்பது வேறு ஒன்று. அந்தக் கூடத்தில் என் அப்பா வாழை போடுகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேனே, எங்கள் தோட்டத்தில் இலை அறுப்பது அப்பா இல்லை. ஓட்டிடுக்கில் தம்ளர் வைத்திருப்பவர். என் பெருமையில் அவர் பெயர் வரவில்லை.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்த முதல் வாரம் அந்தத் தம்ளரை எடுத்து வந்து சமையலறையில் எங்கள் தம்ளர்களோடு கவிழ்த்து வைத்தேன். அம்மா இடுக்கியால் பிடித்து எடுத்து வெளியே வைத்தாள். அப்பாவைப் பார்த்தேன். பந்தியில் எனக்காகக் கை நீட்டிய அப்பா, பேப்பரைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் தோட்டத்தில் இலை அறுக்கிறவரே என்னைத் தேடி வந்து, "என் தம்ளர எங்க பாப்பா வச்ச? டீ வர்ற நேரமாச்சு" என்று கேட்டார். அண்ணே, வீட்டுத் தம்ளர்ல குடிங்க என்றேன். நான் அண்ணே என்றதும் அவர் பயந்துவிட்டார். வேணாம் பாப்பா, வம்பு என்றார். தம்ளர் ஓட்டிடுக்குக்கே போனது. அவருக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

அதிலிருந்து நான் தோட்டத்துக்குப் போனால் அந்தத் தம்ளரில்தான் டீ குடிக்கிறேன். முதலில் அவர் குடிப்பார். கழுவி நீட்டுவார், நான் வாங்கிக்கொள்வேன். அம்மா என் பங்கையும் ஒரு முழ உயரத்திலிருந்துதான் ஊற்றுகிறாள்.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். எல்லாம் எங்கள் ஆட்கள், தோட்டம் துரவு உள்ளவர்கள். பையனோடு தனியாகப் பேசச் சொல்லி அனுப்பும்போது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு எந்தத் தம்ளரில் டீ கொடுக்கிறீர்கள்?

முதலில் வந்தவர் சிரித்தார், விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்து. இரண்டாவது ஆள், அதெல்லாம் எங்கம்மா பாத்துக்குவாங்க என்றார். மூன்றாவது ஆள் வீட்டிலிருந்து, பெண் கொஞ்சம் ஒரு மாதிரி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அழுகிறாள். இப்படியே கேட்டுக்கொண்டிருந்தால் எவன் வருவான் என்கிறாள். வராவிட்டால் போகட்டும். காதலித்த வீட்டில் என்னை மறைத்துவைத்து உட்கார்ந்து சாப்பிட்டாயிற்று. கட்டிக்கொள்ளும் வீட்டில் தம்ளரை மறைத்துவைத்து இன்னொரு தடவை என்னால் உட்கார முடியாது.